புளிக்காத மாவு

அத்தியாயம் 6

ஆவுடைத்தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். காலையில் குடித்த காபி தொண்டை வரைக்கும் ஏறி வந்து, போனால் போகிறதென்று திரும்பிப் போனது.

நங்கைபுரம் படித்துறை. திருநெல்வேலிக்குக் கிழக்கே எட்டு மைல். டவுன் சாக்கடை அத்தனையும் நாலு மைல் மேலே ஆற்றில் விழுந்து, அலுங்காமல் குலுங்காமல் இங்கே வந்து சேர்கிறது. கடைசிப் படியில் ஷாம்பு பாக்கெட், ஊசிக் குழாய், கிழிந்த தலையணை. வயிறு ஊதிய ஒரு கோழி பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் தலையை ஆட்டியது. தாமிரபரணித் தாய் என்று கும்பிடுவதற்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. கும்பிட்டு முடித்த கையோடு அந்தத் தாயின் மடியிலேயே வாய் கொப்பளித்துத் துப்புகிற ஜனம். செருப்பைக் கழற்றி நாலு பேரையாவது சாத்தினால்தான் மனசு ஆறும் போலிருந்தது ஆவுடைத்தாய்க்கு.

"இங்கனதான்மா எடுத்தேன்," என்றார் எலியேசர். முழங்கால் வரை சுருட்டிய பேன்ட். ஐம்பத்திரண்டு வயது. மாவட்ட நீர்ச் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக ஆற்றில் இறங்கித் தண்ணீர் மாதிரி எடுக்கிற வேலை. "செவ்வாக்கிழம தோறும் இந்தக் கல்லுல நின்னுதான் கேனை முக்குவேன். இப்பம் நான் ஆத்துப் பக்கமே போகலன்னு எழுதிட்டாவ."

வழக்கு அதுதான். சித்திரை மாதத்திலிருந்து எலியேசர் கொண்டுபோன தண்ணீரில் கிருமி எண்ணிக்கை பூஜ்யம். இந்தச் சாக்கடையில், பூஜ்யம்! சோதனைக்கூடத் தலைமை வேதியியலர் நெல்லையப்பன் நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குற்றச்சாட்டுக் குறிப்பாணையை நீட்டி, வேலையிலிருந்தும் தற்காலிகமாக நிறுத்திவிட்டார். 'ஆற்றில் இறங்காமல், படித்துறை டீக்கடை வாசலிலுள்ள குழாயில் நிரப்பிக்கொண்டு வந்து அரசை ஏமாற்றியுள்ளார்.' இன்று மதியம் மூன்று மணிக்கு விசாரணை. நிரூபணமானால் டிஸ்மிஸ். பென்ஷன் கிடையாது. எலியேசர் சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுக்கிறவர். போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகத் தட்டு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அதைச் சொல்லும்போதுதான் மனிதருக்குக் குரல் உடைந்தது.

"அண்ணாச்சி, ஆத்துல கிருமி இல்லன்னா உங்களுக்கு மாலை போட்டுல்லா ஊர்கோலம் விடணும்," என்றான் சங்கிலிபூதத்தான். ஆவுடைத்தாயின் உதவியாளன். முன்னாள் பஸ் கண்டக்டர். பயணிகளிடம் வாய் கொடுத்தே வேலையை விட்டவன். "கிருமியெல்லாம் டிக்கெட் எடுக்காம எந்த ஸ்டாப்புல இறங்கிச்சுன்னு கண்டுபிடிச்சா போதும்."

"ஏலே சங்கிலி, வாயை மூடு. கோழி உள்ள போயிரும்."

அவன் பாறையிடுக்கைப் பார்த்துவிட்டு நிஜமாகவே வாயை மூடிக்கொண்டான்.

ஆவுடைத்தாய் இருபத்து மூன்று வருடம் கலெக்டர் ஆபீஸ் பதிவறையில் குமாஸ்தாவாக இருந்தவள். அடுத்தவர் பொய்யைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கிற வேலை அலுத்துப்போய், ராஜினாமா செய்துவிட்டு வண்ணார்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட எதற்காக எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அவள் பழக்கம். எலியேசர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்த ஒரு சாட்சி வேண்டும். படித்துறைக்கு எதிரே இருப்பது ஒரே ஒரு டீக்கடை.

கடைக்காரி சந்தனமாரி வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே கூரையில் இன்னும் இரண்டு. அடுப்படியில் ஒன்று. கண் திருஷ்டிக்குக் காவல் போட்டதில் கடைக்கு ஊறுகாய் வாடை வந்துவிட்டது.

"எலியேசர் அண்ணாச்சியா? செவ்வா தவறாம இறங்குவாவளே," என்றாள். "இறங்கி ஏறி, கால்ல ஒட்டுன சேத்தை என் வாசல் குழாயிலதான் கழுவுவாவ."

"அந்தக் குழாய்ல கேனையும் நிரப்பினாரா?"

"அதுல நிரப்பி என்னத்துக்கு? ஆழ்குழாய்த் தண்ணி, உப்பு கரிக்கும். டீயே போட முடியாது, திரிஞ்சிரும். சமையலுக்கு, மாவாட்டுறதுக்கு எல்லாம் ஆத்துத் தண்ணிதான். காலம்பற நல்ல ஓட்டத்துல மோந்து வருவேன்."

ஆவுடைத்தாய் படித்துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கோழிக்குப் பக்கத்திலிருந்தா?

சங்கிலிக்கு அந்த மாதிரிக் கவலையெல்லாம் இல்லை. "எக்கா, பசிக்கி. ஆறு இட்லி வைங்க."

"இட்லி கிடையாது."

"டீக்கடையில இட்லி இல்லியா? பஸ்ஸுல சக்கரம் இல்லங்க மாதிரில்லா இருக்கு."

சந்தனமாரியின் முகம் சுண்டிப் போனது. கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "எவளோ செய்வினை வச்சிட்டாம்மா. சித்திரையில இருந்து என் மாவு பொங்க மாட்டேங்கு. சாயந்தரம் ஆட்டி வைக்கேன், விடிஞ்சு பாத்தா வச்ச மேனிக்குக் கிடக்கு. புளிப்பே ஏறல. ஊத்துனா கல்லு மாதிரி. பாலும் அப்படித்தான். பால்காரன்கிட்ட வாங்கி உறை ஊத்துனா தோய மாட்டேங்கு. அவனைத் தண்ணி ஊத்துதியாலேன்னு கேட்டா, பெத்த பிள்ளை மேல சத்தியம் பண்ணுதான்."

"தெனமுமா பொங்கல?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய். குரல் மாறியிருந்தது. சங்கிலிக்கு அந்தக் குரல் தெரியும். வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் நிறுத்தினான்.

"ஞாயித்துக்கெழம ஆட்டுனா பொங்குது. அதான் கூத்து. ஞாயிறு மட்டும் செய்வினை பலிக்க மாட்டேங்கு."

"வேற என்னைக்காவது?"

சந்தனமாரி விரலை மடக்கி யோசித்தாள். "பள்ளிக்கூடத்துல கொடியேத்தி முட்டாயி குடுத்தாவள்லா, போன மாசம்? அன்னைக்கு ஆட்டுனது பொங்குச்சு. மறுநாள் இட்லி பூ மாதிரி. அப்புறம் மே மாசம் ஒண்ணாந்தேதி."

"எக்கா!" சங்கிலி துள்ளி எழுந்தான். "பேய்க்கு ஞாயித்துக்கிழம லீவு. சுதந்திர தினத்துக்கு லீவு. மே தினத்துக்கு லீவு. பேய் எங்கயோ வேலைக்குல்லா போவுது!"

"ஆமாலே. உன் வாயில இருந்து இன்னைக்கு ஒரு உருப்படியான வார்த்தை வந்துட்டு," என்றாள் ஆவுடைத்தாய். "மாரி, நேத்து ஆட்டுன மாவைக் காட்டு."

அடுப்படியில் இரண்டு தூக்குவாளி இருந்தது. ஒன்றில் மாவு நேற்று வைத்த கோட்டுக்கு ஒரு நூல்கூட ஏறாமல் வழவழவென்று கிடந்தது. இன்னொன்றில் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது.

"இது அம்மனுக்கு. செவ்வாக்கிழமைன்னா ஒரு படி தனியா ஆட்டுவேன். அம்மன் மாவுக்குக் கோயில் கெணத்துத் தண்ணிதான் ஊத்தணும், ஆத்துத் தண்ணி ஆகாது. தெய்வக் குத்தமாயிரும்." சந்தனமாரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியளா, ஆத்தா மாவை மட்டும் ஒருத்தியாலயும் தொட முடியல."

ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே ஆட்டுரல், ஒரே கை. தண்ணீர் மட்டும் வேறு.

"இந்த ரெண்டு வாளியும் எனக்கு வேணும் மாரி. சாயந்தரம் வாளி வந்துரும், மாவு வராது."

"அம்மன் மாவும்மா?"

"ஒரு மனுசன் சோத்துக்குச் சாட்சி சொல்லப்போவுது. அம்மன் ஒண்ணும் சொல்ல மாட்டா."

வெளியே வந்ததும் எலியேசர் ஒன்றும் புரியாமல் விழித்தார். "இட்லி மாவுக்கும் என் வேலைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"மாவு பொங்குறது எதனாலே? கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமியாலே. பாலைத் தயிராக்குறதும் அதுதான், பால்காரன் சத்தியம் பண்ணிட்டு ஊத்துறதும் ஆத்துத் தண்ணிதான். இந்த ஆத்துல கெட்ட கிருமியும் இல்ல, நல்ல கிருமியும் இல்ல. நீங்க கொண்டுபோன தண்ணி ஆத்துத் தண்ணிதான். யாரோ வாரத்துக்கு ஆறு நாள் ஆத்துக்கே மருந்து குடுக்கான். வாங்க, கரையோரமா மேல நடப்போம்."

அரை மைல் நடந்ததும், ஓடை ஒன்று ஆற்றில் சேர்கிற இடம் வந்தது. அதற்கு மேலே கல்லெல்லாம் பச்சைப் பாசி. கால் வைத்தால் சறுக்கியது. ஓடைக்குக் கீழே கல் வெள்ளை வெளேரென்று, தேய்த்துக் கழுவிய பாத்திரமாக இருந்தது. ஒரு துளி பாசி இல்லை. ஒரு தலைப்பிரட்டை இல்லை. கொசுகூட முட்டையிடப் பயப்படுகிற சுத்தம். ஆவுடைத்தாய்க்குச் சாக்கடையைப் பார்த்தபோது குமட்டியதைவிட அந்தச் சுத்தத்தைப் பார்த்தபோதுதான் அதிகமாகக் குமட்டியது.

ஓடை ஒரு தகரக் கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து வந்தது. 'மருந்து மறுபொட்டலம்' என்று பலகை. கொட்டகையின் பின்புறம் நிழலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சிவப்பும் கறுப்புமாகக் கிருமிக்கொல்லி மருந்துக் குப்பிகள், கேப்சூல்கள், ஆள் உயரத்துக்குக் குவியல். தேதி முடிந்து கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கு. ஒவ்வொரு கேப்சூலாகத் திருகித் திறந்து, உள்ளிருந்த மஞ்சள் தூளைத் தொட்டியில் தட்டினார்கள். வெறும் கூட்டை ஈரத் துணியால் துடைத்துச் சாக்கில் உலர்த்தினார்கள். தொட்டி நிறைந்ததும் ஒருத்தி அதைத் தூக்கி ஓடையில் கவிழ்த்து, இரண்டு வாளி தண்ணீர் விட்டு அலசினாள். மஞ்சள் நுரை சுழித்துக்கொண்டு ஆற்றை நோக்கிப் போனது.

"கூட்டை என்ன செய்வாவ?" என்று கேட்டான் சங்கிலி, வேலை தேடி வந்தவன் மாதிரி குந்தி உட்கார்ந்து.

"திரும்பப் புதுத் தூள் அடைச்சு அனுப்புவாவ," என்றாள் முத்துராணி என்ற பெண். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. "ஏன், உமக்கும் வேலை வேணுமா? ஆம்பிளைக்குப் பொறுமை கிடையாதுன்னு எடுக்க மாட்டாவ."

ஆவுடைத்தாய் போன மாதம் பல்வலிக்கு இதே சிவப்புக் கறுப்புக் கேப்சூலைப் பதினைந்து விழுங்கியிருந்தாள். நாக்கில் உமிழ்நீர் ஊறியது. துப்பினாள்.

"எக்கா, உங்க பல்லு ஏன் ஆறலன்னு இப்பம் தெரியுதா?"

"செருப்பு பிஞ்சிரும்."

முத்துராணி சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்லுதேன்மா. இங்கன வேலைக்கு வந்த நாள்ல இருந்து எங்க கைப்புண்ணு சீழ் பிடிக்கல. நல்லதுதானன்னு நெனச்சோம். இப்பம் எங்க வீட்டுப் பிள்ளையளுக்கு ஒரு காய்ச்சல் வந்தா, டாக்டர் எந்த மாத்திரை குடுத்தாலும் கேக்க மாட்டேங்கு. ஊசி மாத்தி ஊசி போடுதாவ. அதுக்கும் கேக்கல. அது ஏம்மா?"

ஆவுடைத்தாய்க்குப் பாதி பதில் தெரியும்: தினமும் மருந்திலேயே கிடந்து தப்பிய கிருமி அப்புறம் எந்த மருந்துக்கும் பயப்படாது. அதைச் சொல்லாமல் கொட்டகையின் முன்பக்கம் நடந்தாள்.

முன்பக்கம் காவலாளி அவர்களை விரட்டவில்லை. பெருமையாக உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினான். "எங்களுக்கு எல்லா அனுமதியும் இருக்கு. ஆறு எவ்வளவு சுத்தம்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு, பாருங்க." கண்ணாடிச் சட்டத்தில், சந்தனப்பொட்டு வைத்து, மாலை போட்டு, நீர்ச் சோதனைக்கூடத்தின் மே 1995 அறிக்கை மாட்டியிருந்தது. கிருமி: இல்லை. அழுக்கு: மிகக் குறைவு. தரம்: மிக நன்று.

பாவி எலியேசர் மெய்யாகவே ஆற்றில் இறங்கி எடுத்த தண்ணீர், இந்தக் கொட்டகை முதலாளிக்கு நன்னடத்தைச் சான்றாகச் சுவரில் தொங்குகிறது. எடுத்தவருக்கோ டிஸ்மிஸ் காத்திருக்கிறது.

ஆவுடைத்தாய் அந்த அறிக்கையை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை ஓர் இடத்தில் கண் நின்றது. கைப்பைக்குள் இருந்து குற்றச்சாட்டுக் குறிப்பாணையோடு வந்த ஐந்து அறிக்கைகளையும் எடுத்து அதே இடத்தைப் பார்த்தாள். அவள் முகம் கறுத்தது.

"சங்கிலி, வண்டியை எடு. மூணு மணிக்கு முன்னால நெல்லையப்பனைப் பாக்கணும்."

எலியேசர் பஸ் ஏறினார். டி.வி.எஸ். ஐம்பதில் முன்னால் சங்கிலி, பின்னால் ஆவுடைத்தாய், இரண்டு கையிலும் இரண்டு தூக்குவாளி. அம்மன் மாவு வழிநெடுகப் பொங்கி அவள் சேலையில் கொட்டியது. "சாட்சி கலங்குது எக்கா, பைய போறேன்," என்றான் சங்கிலி.

நெல்லையப்பன் அறையில் மணி இரண்டேகால். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு. ஆவுடைத்தாய் கொட்டகையைப் பற்றிச் சொன்னாள், மாவைக் காட்டினாள். மனிதர் அசரவில்லை. அசராததுதான் அவள் எதிர்பார்த்ததும்.

"அண்ணாச்சி, உங்க அறிக்கையில உப்புன்னு ஒரு வரி இருக்கு. அஞ்சு மாசமும் இருபது, இருபத்திரண்டு. ஆத்துத் தண்ணிக்கு உள்ள உப்பு. டீக்கடைக் குழாய்த் தண்ணி பால் திரியுற அளவு கரிக்குது. அதை எலியேசர் நிரப்பியிருந்தா அந்த எண் எங்கயோ போயிருக்கணும். முப்பது வருசம் தண்ணியைக் கொதிக்க வச்சவருக்கு அது தெரியாதா? எலியேசர் ஆத்துலதான் எடுத்தாருன்னு தெரிஞ்சேதான் நீங்க குத்தஞ்சாட்டியிருக்கிய."

விசிறி கறகறவென்று சுற்றியது. நெல்லையப்பன் எழுந்து கதவைச் சாத்தினார். இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து அவள் முன் போட்டார்.

நாலு கடிதம். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. 'ஆற்றில் மருந்து கலக்கிறது என்று சந்தேகிக்கிறேன். கிருமிகள் தின்கிற வேகத்தை வைத்தே நாம் அழுக்கை அளக்கிறோம். கிருமிகளே செத்துவிட்டதால் அழுக்கு இல்லை என்று கருவி காட்டுகிறது. புதிய சோதனைக்கு அனுமதி வேண்டும்.' ஒவ்வொன்றின் மேலும் தலைமை அலுவலகத்தின் பச்சை மை. 'படிவத்தில் உள்ள இருபத்தெட்டுச் சோதனைகளில் இது இல்லை.' 'இதற்கு வரம்பு நிர்ணயிக்கப்படவில்லை. வரம்பு இல்லாததை மீற இயலாது.' 'அறிக்கை நன்றாகவே உள்ளதே?' கடைசிக் கடிதத்தில் ஒன்றுமே எழுதவில்லை. டீக்கோப்பை வைத்த வட்டம் மட்டும்.

"வரம்பு இல்லாததை மீற முடியாதாம்," என்றான் சங்கிலி. "டிக்கெட்டே அடிக்காத ரூட்ல எல்லாரும் ஓசிப் பயணம்."

"புதுசா ஒரு விஷம் வந்தா அதைச் சொல்றதுக்கு இந்தச் சர்க்கார்ல ஒரு வாசல் கிடையாதும்மா," என்றார் நெல்லையப்பன். "ஆனா ஊழியர் மேல குத்தச்சாட்டுன்னா உடனே விசாரணை. சர்ச்சைக்குரிய மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி, அதுல என்னவெல்லாம் இருக்குன்னு முழுசாப் பாக்கச் சொல்லலாம். அந்த ஒரு வழிதான் எனக்குத் தெரிஞ்சுது. எலியேசர் தப்பிச்சிருவான், ஆத்து வண்டவாளமும் வெளிய வந்துரும்னு கணக்குப் போட்டேன்."

"அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து நாடகம் ஆடுனதா ஆயிரும்."

கெட்டவன் ஒருவனைப் பிடிக்கத்தான் அவள் காலையிலிருந்து அலைந்தாள். பிடிபட்டதோ ஒரு நல்லவர். நல்லது செய்ய அடுத்தவன் கழுத்தைத் தேர்ந்தெடுத்த நல்லவர். கொட்டகை முதலாளியிடம் வந்த அருவருப்பைவிட ஒரு படி கூடுதலாக இவரிடம் வந்தது.

"அனுப்பியாச்சா?"

நெல்லையப்பன் தலை குனிந்தார். "காலையில தந்தி வந்துட்டு. 'கடைநிலை ஊழியர் விஷயம், வெளி ஆய்வகம் தேவையில்லை, மாவட்ட அளவிலேயே முடிக்கவும்.'"

"ஆக ஆறும் போச்சு, எலியேசரும் போனாரு."

"நான் என்ன செய்ய முடியும்?"

ஆவுடைத்தாய் இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றினாள். "பதிவறையில இருபத்து மூணு வருசம் இருந்தவ சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. கடைநிலை ஊழியன் மேல குத்தம்னா மாவட்டத்துலயே மூடலாம். அதிகாரி மேல குத்தம்னா மூட முடியாது. கோப்பு மெட்ராஸுக்குப் போகும், கூடவே மாதிரியும் வெளி ஆய்வகத்துக்குப் போயே ஆகணும். உங்களுக்குக் குத்தஞ்சாட்ட ஒரு ஆள்தான வேணும்? உங்களையே சாட்டியிருக்கலாமே அண்ணாச்சி."

நெல்லையப்பனுக்கு விபூதிக்குக் கீழே வியர்த்தது. இந்த விதி அவருக்குத் தெரியாததல்ல. நினைத்துப் பார்க்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார். அவ்வளவுதான்.

மூன்று மணி. விசாரணை அதிகாரி குமரகுருபரன் மதுரையிலிருந்து வந்தவர். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்த வேகத்திலேயே தெரிந்தது. ஆவுடைத்தாய் இரண்டு வாளியையும் மேஜைமேல் வைத்து, கொட்டகையையும் மாவையும் சொல்லி முடித்தாள்.

"அம்மா, இட்லி மாவைச் சாட்சியா எடுத்துக்க விதி இல்லை," என்றார் குமரகுருபரன். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "எலியேசர், நீங்க சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா? இல்லேன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம்."

எலியேசர் எழுந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தாழ்வாரத்தில் ஆவுடைத்தாய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் கோபப்படவில்லை. "என்கிட்ட கேட்டிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேனேம்மா," என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவர் குமரகுருபரனைப் பார்க்கவில்லை. நெல்லையப்பனைப் பார்த்தார்.

"எனக்கு ஒரே ஒரு கேள்வி ஐயா. பத்தொம்பது வருசமா நான் குடுத்த தண்ணியை நீங்க ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல. இந்த அஞ்சு மாசமா நான் கொண்டாந்தது ஆத்துத் தண்ணியா, இல்லியா?"

அம்மன் மாவு வாளியின் மூடி மெல்ல ஒரு தரம் எழும்பி அடங்கியது.

நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை. "ஆத்துத் தண்ணிதான்," என்றார். "எனக்கு அப்பமே தெரியும். தெரிஞ்சே பொய்யாக் குத்தஞ்சாட்டினேன். எழுதிக்கிடுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்."

குமரகுருபரனின் பேனா நின்றது. "சார், என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இது உங்க மேல குத்தம். சஸ்பென்ஷன். பென்ஷனே நிக்கும். இதை நான் இங்க முடிக்க முடியாது. மெட்ராஸுக்கு அனுப்பணும். தண்ணியையும் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பணும்."

"தெரியும். எழுதுங்க."

ஐந்தரை பஸ் போய்விட்டது. குமரகுருபரன் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். ஒரு புது விஷத்தை இந்த நாட்டில் ஒருவர் பார்க்க வேண்டுமென்றால், அதற்கு இன்னொருவர் பொய்யனாக வேண்டியிருக்கிறது. ஆவுடைத்தாய்க்கு ஜெயித்த சந்தோஷம் ஒரு துளி வரவில்லை. கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது. எந்தத் தண்ணீரில் கழுவுவது என்றுதான் தெரியவில்லை.

எலியேசர் மேல் இருந்த குற்றச்சாட்டு ரத்து. அந்த நிமிடமே பணியில் சேர்ந்ததாக ஆணை. விதிப்படி புது மாதிரியைப் பணியில் உள்ள ஊழியர்தான் எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும். அவர் அலமாரியிலிருந்து வெள்ளைக் கேனை எடுத்து, உதறி, மூடியை முகர்ந்து பார்த்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

நெல்லையப்பன் இரண்டு கையையும் கூப்பினார். "எலியேசர், என்னை மன்னிச்சிரு."

"அது அப்புறம் ஐயா," என்றார் எலியேசர். குரலில் மரியாதை இருந்தது, ஈரம் இல்லை. "இப்பம் நீங்க என்கூட ஆத்துக்கு வரணும்."

"நான் எதுக்கு?"

"நான் எங்க நின்னு முக்குதேன்னு நீங்க உங்க கண்ணால பாக்கணும். இனிமே நான் தனியா தண்ணி எடுக்க மாட்டேன். சாட்சி இல்லாம ஒரு சொட்டு எடுக்க மாட்டேன்."

வெயில் இறங்குகிற நேரத்தில் நாலு பேரும் நங்கைபுரம் படித்துறையில் நின்றார்கள். எலியேசர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். நெல்லையப்பன் படியிலேயே தயங்கினார். முப்பது வருடத்தில் அவர் இந்த ஆற்றைக் கண்ணாடிக் குடுவையில்தான் பார்த்திருக்கிறார். சாக்கடை நாற்றம் முகத்தில் அடித்ததும் கைக்குட்டையைத் தேடினார்.

"வாங்க ஐயா," என்றார் எலியேசர், முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு.

நெல்லையப்பன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் காலை வைத்தார். கால் வழுக்கித் தடுமாறி, பிடிமானத்துக்குக் கையை நீட்டினார். எலியேசர் அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய இரண்டு கையும் கேனைப் பிடித்திருந்தன.